டேட்டாபேஸ் கிளஸ்டருக்கு லோக்கல் டிஸ்க்கா, நெட்வொர்க் டிஸ்க்கா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் மணலி, மாதவரம் பக்கம் இருக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கு கேட்-இன், கேட்-அவுட் பதிவு மென்பொருள் நடத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சுமார் 350 கிகாபைட். ஒரு பிரைமரி (எழுத்தை ஏற்கும் முதன்மை மெஷின்), ஒரு ரெப்ளிகா (அதன் நகலை வைத்திருக்கும் மெஷின்). பொழுது சாய்ந்து துறைமுகத்துப் பக்கமிருந்து டிரெய்லர்கள் வரிசை கட்டினால் பதிவு இழுக்கிறது. மேனேஜ்டு கிளஸ்டருக்கு, அதாவது வழங்குநரே பராமரிக்கும் மெஷின் கூட்டத்துக்கு, மாறப் போகிறார்கள். வழங்குநர் இரண்டு பிளான் காட்டுகிறார்: மெஷினுக்குள்ளேயே இருக்கும் என்விஎம்இ (லோக்கல் டிஸ்க்) ஒன்று, நெட்வொர்க் வழியாக மெஷினோடு இணைக்கும் எஸ்எஸ்டி (நெட்வொர்க் டிஸ்க்) இன்னொன்று. முழுநேர டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) கிடையாது. எதை எடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நோடுதான் (நோடு என்பது கிளஸ்டரில் ஒரு மெஷின்), டிபிஏ இல்லை என்ற நிலையில் நெட்வொர்க் டிஸ்க்கையே எடுங்கள். மூன்றாவது நோடு போடக் காசு இருந்து, ஒரு நோடு போய்விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் புதியதை நிரப்ப முடியும் என்று நீங்களே சோதித்தும் பார்த்துவிட்டால் லோக்கல் டிஸ்க் எடுக்கலாம். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெஷின் செத்த பிறகு டேட்டா எங்கிருந்து திரும்பி வரும், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை மிச்சமிருப்பதை வைத்து ஓட்ட முடியுமா என்பதுதான் இந்தத் தேர்வை முடிவு செய்கிறது.

முதலில், குற்றவாளி டிஸ்க்தானா என்று பாருங்கள்

இழுக்கும் நேரத்தில், பத்து விநாடிக்கு ஒருமுறை என்று ஒரு அரை மணி நேரம், பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் (ஒவ்வொரு இணைப்பும் இப்போது என்ன செய்கிறது என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பட்டியல்) வெயிட் ஈவென்ட் பத்தியை (எதற்காகக் காத்திருக்கிறது என்பதை) எடுத்து வையுங்கள். டேட்டாஃபைல்ரீட் அதிகமாக வந்தால் டிஸ்க்கிலிருந்து படிக்கத் தாமதம். வால்சிங்க் வந்தால் கமிட் (ஒரு பதிவை உறுதியாக்குவது) எழுதத் தாமதம். சிங்க்ரெப் வந்தால் ரெப்ளிகாவின் பதிலுக்குக் காத்திருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல், 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலையில் கிளையன்ட்ரீட் என்று வரிசையாக வந்தால், டேட்டாபேஸ் தன் வேலையை முடித்துவிட்டு உங்கள் அப்ளிகேஷனின் அடுத்த கேள்விக்காக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த டிஸ்க் வாங்கினாலும் ஒன்றும் மாறாது.

சென்னையில் இந்தக் கடைசி வகை நிறைய நடக்கும், காரணம் தூரம். அமேசானின் இந்திய ரீஜன்கள் (டேட்டா சென்டர் வட்டாரங்கள்) மும்பையிலும் (2016) ஹைதராபாத்திலும் (2022) இருக்கின்றன. கூகுளுடையவை மும்பையிலும் டெல்லியிலும். தண்டையார்பேட்டை ஆபீஸில் அப்ளிகேஷன் சர்வரை வைத்துக்கொண்டு டேட்டாபேஸை மும்பையில் வைத்தால், ஒரு கேள்வி போய்த் திரும்ப 20 முதல் 30 மில்லிசெகண்ட் ஆகும். ஃபைபரில் 100 கிலோமீட்டருக்குப் போக வர ஒரு மில்லிசெகண்ட் என்பது இயற்பியல். அதைப் பேரம் பேச முடியாது. ஒரு கேட்-இன் பதிவுக்கு 12 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் அதிலேயே 300 மில்லிசெகண்ட் கரைந்துவிடும். நெட்வொர்க் டிஸ்க்கிலிருந்து லோக்கலுக்கு மாறினால் ஒரு கமிட்டுக்கு மிச்சமாவது ஒன்றிரண்டு மில்லிசெகண்ட். ஆகவே முதல் வேலை, அப்ளிகேஷன் சர்வரை டேட்டாபேஸ் இருக்கும் ரீஜனுக்கே கொண்டுபோவது. யார்டில் கேட் பூத்துக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவில் ஒரே ஒரு போக்குவரத்து இருக்கட்டும். பன்னிரண்டும் ரீஜனுக்குள்ளேயே நடக்கட்டும். மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்திய ரீஜன் சென்னையிலேயே இருக்கிறது. அதை எடுப்பதானால், அங்கே தனித்தனி ஜோன்கள் (ஒன்று போனாலும் மற்றது நிற்காதபடி பிரித்த டேட்டா சென்டர்கள்) உண்டா என்பதை முதலில் பாருங்கள். எல்லா ரீஜனிலும் ஜோன் பிரிப்பு கிடையாது. கீழே சொல்லப்போகும் கணக்கு முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இதே நேரத்தில் செய்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் செக்பாயின்ட் (மெமரியில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் இறக்குவது) இடைவெளி இயல்பாக 5 நிமிடம், மேக்ஸ் வால் சைஸ் (வால் என்பது மாற்றங்களை வரிசையாக எழுதும் லாக்) 1 கிகாபைட். ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் பிறகும் ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது 8 கிலோபைட் பக்கம் முழுவதும் லாக்கில் எழுதப்படும். இடைவெளியை 15 நிமிடமாகவும் வால் சைஸை 16 கிகாபைட்டாகவும் ஏற்றினாலே எழுத்துச் சுமை கண்ணுக்குத் தெரியும்படி குறையும். பதிலுக்கு, மெஷின் திடீரென்று விழுந்தால் எழுந்து வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். ரெப்ளிகா இருக்கும் இடத்தில் அது பெரிய விலை இல்லை.

ஒரு கமிட்டின் விலை

இதையெல்லாம் செய்த பிறகும் வால்சிங்க்கும் டேட்டாஃபைல்ரீடும்தான் தெரிகின்றன என்றால் டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம். பவர்-லாஸ் பாதுகாப்பு உள்ள சர்வர் வகை என்விஎம்இயில் ஒரு எழுத்து முடிய சில பத்து மைக்ரோசெகண்ட் போதும். படிக்க 100 மைக்ரோசெகண்ட் அளவு. கிளவுடின் பொதுவான நெட்வொர்க் எஸ்எஸ்டியில் இதே வேலைக்கு அரை மில்லிசெகண்டிலிருந்து 2 மில்லிசெகண்ட் வரை ஆகும். சுமையேறினால் இன்னும் கூடும். ஒரே செஷன் ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் செய்தால், 1 மில்லிசெகண்ட் டிஸ்க்கில் விநாடிக்கு 1,000 கமிட்டைத் தாண்ட முடியாது. அதே டிஸ்க்கில் பல செஷன்கள் சேர்ந்து கமிட் செய்யும்போது போஸ்ட்கிரெஸ் அவற்றை ஒரே எஃப்சிங்க்கில் (டிஸ்க்கில் நிஜமாக எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளை) சேர்த்து எழுதிவிடும் என்பதால், மொத்த எண்ணிக்கை அவ்வளவு மோசமாக இருக்காது. கேட் பதிவில் பல பூத்துகள் ஒரே நேரத்தில் எழுதுகின்றன; உங்களுக்கு இந்தக் கூட்டு எழுத்து உதவும். இரவில் ஓடும் பில்லிங் பேட்ச் மாதிரி ஒற்றை வரிசையில் போகும் வேலைக்கு உதவாது.

இங்கே பலர் கணக்கில் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. லோக்கல் டிஸ்க் எடுத்தால் ஒரு கமிட் பிரைமரியின் டிஸ்க்கில் மட்டும் இருப்பது போதாது, மெஷின் போனால் டிஸ்க்கும் போய்விடும். எனவே சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் (ரெப்ளிகாவும் எழுதிய பிறகே கமிட் முடிவது) கட்டாயம், அதுவும் வேறு ஜோனில் இருக்கும் ரெப்ளிகாவோடு. போஸ்ட்கிரெஸ் முதலில் தன் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் லாக்கை ரெப்ளிகாவுக்கு அனுப்பும். ஆக, உள்ளூர் எழுத்து, போக வர நெட்வொர்க் நேரம், அங்கே எழுதும் நேரம் மூன்றும் கூட்டலாகச் சேரும். ஜோன்களுக்கு இடையே போக வர 0.6 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். இரு பக்கமும் 1 மில்லிசெகண்ட் நெட்வொர்க் டிஸ்க் என்றால் கமிட் 2.6 மில்லிசெகண்ட். இரு பக்கமும் லோக்கல் என்றால் 0.7. வித்தியாசம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. விளம்பரப் பக்கத்தில் டிஸ்க்குக்கு டிஸ்க் ஒப்பிட்டு 20 மடங்கு என்று பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நெட்வொர்க் டிஸ்க்கில் ரெப்ளிகாவை அசிங்க்ரனஸாக (அதன் பதிலுக்குக் காத்திருக்காமல்) விட்டுவைத்தால் கமிட் 1 மில்லிசெகண்டிலேயே முடிந்துவிடும்; பல குழுக்கள் அப்படித்தான் ஓட்டுகின்றன. அங்கே லோக்கலின் லாபம் 0.3 மில்லிசெகண்ட் மட்டுமே. எனவே இன்று உங்கள் ரெப்ளிகா எந்த வகையில் ஓடுகிறது என்று தெரியாமல் இந்த ஒப்பீட்டைச் செய்யவே முடியாது.

லோக்கல் டிஸ்க்கின் நிஜமான பலம் படிப்பதில்தான். மெமரிக்குள் அடங்காத டேபிள்கள், வேக்யூம் (பழைய வரிகளைத் துப்புரவு செய்வது), இன்டெக்ஸ் கட்டுவது, பேக்கப் எடுப்பது, இதெல்லாம் ரெப்ளிகேஷனுக்குக் காத்திருப்பதில்லை. அங்கே பத்து மடங்கு என்பது நிஜமாகவே பத்து மடங்கு. உங்கள் 350 கிகாபைட்டில் தினமும் தொடுவது கடைசி இரண்டு மாதத்துப் பதிவுகள் மட்டும்தான் என்றால், அது 64 கிகாபைட் மெமரியில் அடங்கிவிடக்கூடும். அடங்கினால் இந்தப் பலம் உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. கேஷ் ஹிட் விகிதத்தை (டிஸ்க்கைத் தொடாமல் மெமரியிலிருந்தே கிடைப்பவை எவ்வளவு என்பதை) பாருங்கள்.

லோக்கல் எடுத்தால் கூடவே வருபவை

அமேசானின் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் டிஸ்க், மெஷினை ரீபூட் செய்தால் தாங்கும். ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால் டேட்டா இருக்காது. இந்த இரண்டு பட்டன்களும் ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மெஷின் அளவை மாற்ற ஸ்டாப் செய்தாக வேண்டும். அதனால் லோக்கல் கிளஸ்டரில் "கொஞ்சம் பெரிய மெஷினுக்குப் போகலாம்" என்பது ஒவ்வொரு நோடையும் புதிதாக நிரப்புவதுதான். வழங்குநர் வன்பொருள் பழுது என்று நோட்டீஸ் அனுப்பினாலும் அதே கதை. டிஸ்க் அளவையும் தனியாகக் கூட்ட முடியாது. அமேசானின் ஐ4ஐ எக்ஸ்லார்ஜ் மெஷினில் 937 கிகாபைட், அடுத்த அளவில் 1,875. நடுவில் ஒன்றும் கிடையாது. இரண்டு லோக்கல் டிஸ்க்கை ரெய்டு 0 போட்டு ஒன்றாக்கினால், ஒன்று போனாலும் இரண்டும் போனதாகத்தான் கணக்கு. புதிதாகப் பார்ட்டிஷன் போடும்போது 10 சதவீதம் இடத்தைப் பிரிக்காமல் விடுங்கள். எஸ்எஸ்டி கன்ட்ரோலருக்கு அந்த இடம் தேவை, இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் இறங்கும்.

நிரப்பும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 350 கிகாபைட், விநாடிக்கு 125 மெகாபைட் வேகத்தில் 47 நிமிடம். பிரைமரி ஏற்கெனவே சாயங்கால நெரிசலில் இருக்கிறது, நகல் எடுப்பதை 50 மெகாபைட்டுக்குக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இரண்டே நோடு உள்ள கிளஸ்டரில் அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் டேட்டா உலகத்தில் ஒரே ஒரு டிஸ்க்கில், ஒரே ஒரு மெஷினில் இருக்கும். அந்த மெஷினிடம்தான் நகலும் கேட்கிறீர்கள், கேட் பதிவும் கேட்கிறீர்கள். லோக்கலுக்கு மூன்று நோடு என்று நான் விடாப்பிடியாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். பேக்கப்பிலிருந்து நிரப்பினால் பிரைமரிக்குச் சுமை இருக்காது. பிஜிபேக்ரெஸ்ட், வால்-ஜி என்ற பேக்கப் கருவிகள் இரண்டும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலிருந்து (பேக்கப் ஃபைல்கள் கிடக்கும் கிளவுட் சேமிப்பு) பல இழைகளில் இணையாக இழுக்கும். பிறகு மிச்ச லாக்கை மட்டும் பிரைமரியிடம் வாங்கினால் போதும்.

நிரப்பிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. செத்த ரெப்ளிகாவின் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அது எதுவரை லாக் வாங்கியது என்ற குறிப்பு) பிரைமரியில் அப்படியே இருந்தால், அதற்காக லாக் ஃபைல்கள் குவிந்துகொண்டே போகும். மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. நெட்வொர்க் டிஸ்க் என்றால் ஓடும்போதே இடத்தைக் கூட்டித் தப்பிக்கலாம். லோக்கலில் கூட்ட வழியில்லை. டிஸ்க் நிரம்பி பிரைமரியும் நின்றுவிடும். ஒரு ரெப்ளிகா போனதற்கு முழு சேவையும் நிற்பது இப்படித்தான். காலி இடத்தில் பாதியை வரம்பாக வையுங்கள்.

சிங்க்ரனஸ் அமைப்பில் 'எனி 1' என்று இரண்டு ரெப்ளிகாவின் பெயரையும் கொடுங்கள். யார் முதலில் பதில் சொன்னாலும் கமிட் முடியும். ஒன்று மந்தமானாலும் பிரைமரி நிற்காது. பாட்ரோனி (பிரைமரி போனால் ரெப்ளிகாவைத் தானாகப் பிரைமரியாக்கும் கருவி) வைத்து ஓட்டினால் சிங்க்ரனஸ் மோட் மட்டும் போட்டால் போதாது. ரெப்ளிகா எதுவும் இல்லாத நேரத்தில் அது சிங்க்ரனஸைத் தானாகவே கைவிட்டு ஒற்றையாக எழுதத் தொடங்கிவிடும். நெட்வொர்க் டிஸ்க்கில் இது ஏற்கத்தக்கது. லோக்கலில், உறுதி என்று யார்டுக்குச் சொன்ன பதிவு காணாமல் போகும் வழி. சிங்க்ரனஸ் மோட் ஸ்ட்ரிக்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் ரெப்ளிகா வரும்வரை எழுத்து காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் செமி-சிங்க்கும் அப்படியே: 10 விநாடி பதில் வராவிட்டால் அப்ளிகேஷனுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அசிங்க்ரனஸுக்கு மாறிவிடும். அந்த மாற்றத்துக்கு அலாரம் வைக்காத லோக்கல் கிளஸ்டரை நான் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன்.

குபர்நெட்டிஸில் ஓடுகிறது என்றால்

மேனேஜ்டு என்று சொல்லும் பல சேவைகளுக்கு அடியில் குபர்நெட்டிஸ்தான் (மெஷின் கூட்டத்தில் மென்பொருள்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) இருக்கிறது; நீங்களே ஆபரேட்டர் (அதில் டேட்டாபேஸைப் பராமரிக்கும் மென்பொருள்) போட்டு நடத்தினாலும் இதே விதிகள். லோக்கல் வால்யூம் ஒரு குறிப்பிட்ட நோடோடு கட்டப்பட்டது. நோடு போனால் பாட் (டேட்டாபேஸ் ஓடும் பெட்டி) பென்டிங் நிலையிலேயே நிற்கும்; பிவிசியை (டிஸ்க் கேட்கும் விண்ணப்பம்) நீக்கினால்தான் வேறு நோடில் எழும், அதுவும் வெறும் டிஸ்க்கோடு. ஸ்டோரேஜ் கிளாஸில் 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' போட மறந்தால், பாட் எங்கே போகும் என்று தெரியும் முன்பே வால்யூம் கட்டப்பட்டு இரண்டும் வெவ்வேறு நோடில் சிக்கிக்கொள்ளும்.

நோடு அப்கிரேடுதான் அதிகம் கடிக்கும் இடம். மேனேஜ்டு குபர்நெட்டிஸில் அப்கிரேடு என்றால் பழைய மெஷினை எறிந்துவிட்டுப் புதிய மெஷின் வைப்பது. பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை நிறுத்தலாம் என்ற வரம்பு) போட்டிருந்தால் காத்திருக்கும், ஆனால் எல்லையில்லாமல் அல்ல. கூகுளின் சேவை அதிகபட்சம் ஒரு மணி நேரம் மதிக்கும், பிறகு மேலே போய்விடும். மேலே போட்ட 47 நிமிடக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்று தப்பிக்கிறீர்கள். டேட்டா 600 கிகாபைட் ஆகும்போது அதே வேகத்தில் 80 நிமிடம். முதல் ரெப்ளிகா நிரம்பும் முன்பே இரண்டாவது மெஷினை எறிந்துவிடும். டேட்டாபேஸுக்குத் தனி நோடு பூல் வைத்து, ஆட்டோ-அப்கிரேடை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு நோடு என்று கைப்பட நடத்துவதே சரி. கிளவுட்நேட்டிவ்பிஜி ஆபரேட்டரில், பராமரிப்பு நேரத்தில் பழைய பிவிசியையே திரும்பப் பயன்படுத்தவா, புதிதாகக் கட்டவா என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. மெஷின் அதே மெஷினாகத் திரும்பி வந்தால் மட்டுமே முதலாவது சரி.

நெட்வொர்க் டிஸ்க்கும் குபர்நெட்டிஸும் சேர்ந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: நோடு பதில் சொல்லாமல் போனால், பாடை வெளியேற்ற இயல்பாக 5 நிமிடம் பொறுக்கும். பிறகு, டிஸ்க்கைப் பழைய நோடிலிருந்து வலுக்கட்டாயமாகக் கழற்ற இன்னும் 6 நிமிடம். அதற்கும் முன்னால், ஸ்டேட்ஃபுல்செட் (தனக்கென்று டிஸ்க் உள்ள மென்பொருளுக்கான அமைப்பு) பாட் தொடர்பற்ற நோடில் 'டெர்மினேட்டிங்' என்றே நின்றுவிடும். பழையது நிஜமாகச் செத்ததா என்று தெரியாமல் அதே டிஸ்க்கில் இரண்டாவது டேட்டாபேஸை எழுப்பினால் டேட்டா கெட்டுவிடும் என்பதால் அது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. மெஷின் அணைந்துவிட்டது என்று கிளவுட் பக்கத்தில் உறுதி செய்துகொண்டு, 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்ற டெய்ன்ட்டை (தடைக் குறியை) நோடுக்குப் போட்டால் உடனே விடுவிக்கும், 1.28 பதிப்பிலிருந்து இது நிலையான வசதி. இந்த ஒரு கட்டளையை ரன்புக்கில் (அவசரத்தில் என்ன செய்வது என்ற குறிப்பேடு) முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரெப்ளிகாவுக்கு ஃபெயில்ஓவர் செய்வது, அதாவது அதைப் பிரைமரியாக்குவது, இதைவிடப் பல மடங்கு வேகம் என்பதால், நெட்வொர்க் டிஸ்க் இருந்தாலும் ரெப்ளிகா வேண்டும்.

நெட்வொர்க் டிஸ்க்கின் பொறிகள்

டிஸ்க்குக்கு ஒரு வரம்பு, அதை மாட்டும் மெஷினுக்கு இன்னொரு வரம்பு. இரண்டில் சின்னதுதான் உங்களுக்குக் கிடைப்பது. அமேசானின் எம்5 லார்ஜ் மெஷினை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் போக்குவரத்தில் உச்சம் விநாடிக்கு 4,750 மெகாபிட், 18,750 ஐஓபிஎஸ் (விநாடிக்கு இத்தனை படிப்பு, எழுத்து). ஆனால் அது 24 மணி நேரத்தில் 30 நிமிடத்துக்குத்தான் உறுதி. அதன்பின் நிலையான அளவு 650 மெகாபிட், 3,600 ஐஓபிஎஸ். விநாடிக்கு 81 மெகாபைட். பகலில் சோதித்தவருக்குப் பறக்கும். இரவு எட்டு மணிக்கு நெரிசல் தொடங்கி, எட்டரைக்கு அந்த உச்ச வேகத்துக்கான சேமிப்பு தீர்ந்து, அப்போது பேக்கப்பும் ஓட ஆரம்பித்தால் லேட்டன்சி (தாமதம்) பத்து மடங்கு ஏறும். சிபியு 20 சதவீதத்தில் கிடக்கும். யாருக்கும் காரணம் புரியாது. டிரெய்லர் வரிசை நீளும் நேரம் உங்களுக்கு அரை மணி நேரத்துக்கும் மேலே என்பதால், உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வந்தது. அந்தச் சேமிப்பின் மிச்சத்தைக் காட்ட அமேசானில் இபிஎஸ் ஐஓ பேலன்ஸ், பைட் பேலன்ஸ் என்று இரண்டு அளவீடுகள் இருக்கின்றன. அவை நெரிசல் நேரத்தில் பூஜ்யத்தை நோக்கி இறங்குகின்றனவா என்று பாருங்கள். இறங்கினால், டிஸ்க் வகையை மாற்றாமல் மெஷினை இரண்டு படி ஏற்றினாலே தீர்ந்துவிடக்கூடும்.

அமேசான் ஆர்டிஎஸ் (அமேசானின் மேனேஜ்டு டேட்டாபேஸ் சேவை) எடுப்பதாக இருந்தால், ஜிபி-3 என்ற நெட்வொர்க் டிஸ்க் வகையில் 400 கிபிபைட் என்பது ஒரு படி. அதற்குக் கீழே போஸ்ட்கிரெஸுக்கு 3,000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 மெபிபைட். 400-ஐத் தொட்டால் உள்ளே நான்கு வால்யூமாகப் பிரித்துப் பரப்புவதால் 12,000 ஐஓபிஎஸ், 500 மெபிபைட். உங்கள் அளவுக்கு 380 வாங்குவதும் 400 வாங்குவதும் ஒன்றல்ல. ஏற்றலாம், இறக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்; பயந்துகொண்டு 2 டெராபைட் போட்டுவிட்டால் திரும்ப வழி புதிய டேட்டாபேஸுக்கு மாற்றுவது மட்டுமே.

ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் ஒரு நேரத்து நகல்) சில நிமிடத்தில் திரும்பி வருவது நெட்வொர்க் டிஸ்க்கின் பெரிய வசதி. ஆனால் அப்படி வந்த வால்யூமில் பிளாக்குகள் முதன்முறை படிக்கும்போதுதான் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலிருந்து வரும். டேட்டாபேஸ் எழுந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரியும். கேட்டில் ஒவ்வொரு தேடலும் விநாடிக்கணக்கில் நிற்கும். திறப்பதற்கு முன் முக்கியமான டேபிள்களை பிஜி ப்ரீவார்ம் கொண்டு ஒருமுறை முழுக்கப் படிக்க வையுங்கள், அல்லது ஃபாஸ்ட் ஸ்னாப்ஷாட் ரீஸ்டோர் வசதியை அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அமேசானின் இந்த டிஸ்க் ஒரு ஜோனுக்குள் மட்டுமே வாழும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஜோன் முழுதாகப் போனால் அதைப் பக்கத்து ஜோனில் மாட்ட முடியாது.

எல்லா மேனேஜ்டு சேவையும் இந்த இரண்டில் ஒன்று என்றும் நினைக்காதீர்கள். அமேசானின் அரோரா சேவை டிஸ்க்குக்குப் பக்கங்களை எழுதுவதே இல்லை. லாக்கை மட்டும் மூன்று ஜோன்களில் ஆறு பிரதிகளுக்கு அனுப்பி, நான்கு பதில் வந்தால் கமிட் என்கிறது. அதில் மெஷின் செத்தால் நிரப்ப எதுவுமே இல்லை. ப்ளானெட்ஸ்கேல் என்ற டேட்டாபேஸ் நிறுவனம் 2025-ல் கொண்டுவந்த மெட்டல் வகை முழுக்க லோக்கல் என்விஎம்இ, எப்போதும் ரெப்ளிகாக்களோடு. மாங்கோடிபியின் மேனேஜ்டு சேவையான அட்லஸ், என்விஎம்இ கிளஸ்டருக்குப் பேக்கப் எடுப்பதற்கென்றே நெட்வொர்க் டிஸ்க் உள்ள மறைவான நோடு ஒன்றைச் சேர்க்கிறது. அந்தக் கடைசி யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கீழே அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சொந்த சர்வர் ரூம் என்றால்

லோக்கல் என்றால் ஆபீஸிலேயே வைப்பது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்றால் அதற்குத் தனி எச்சரிக்கை. கடல் உப்புக் காற்றும் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கத்துக் கந்தக வாயுக்களும் சேர்ந்து, சர்க்யூட் போர்டின் வெள்ளி, செம்புப் பகுதிகளை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு ஏற்ற காற்று என்பதற்கு ஐஎஸ்ஏ 71.04 தரத்தில் ஜி1 என்று ஒரு வகுப்பு உண்டு: மாதத்துக்கு செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவான அரிப்பு. சோதனைத் தகடுகளை ஒரு மாதம் அறையில் வைத்து அளந்து பார்த்த பிறகே சர்வர் வாங்குங்கள். ஜன்னல் ஏசி வெளிக்காற்றை இழுக்காதபடி அடையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் ரேக் வைக்காதீர்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியில் பவர்-லாஸ் பாதுகாப்பு இருக்காது. அதில் எஃப்சிங்க் மில்லிசெகண்ட் கணக்கில் இழுக்கும், அல்லது எழுதாமலே எழுதிவிட்டதாகச் சொல்லும். கரண்ட் போகும் நாளில்தான் எது என்று தெரியும்.

சொந்தமாக செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் மென்பொருள்) வைத்து, அதன் மேல் டேட்டாபேஸ் கிளஸ்டர் போடுவோருக்கு ஒரு வரி: செஃப் மூன்று பிரதி, போஸ்ட்கிரெஸ் மூன்று நோடு என்றால் ஒரே வரி ஒன்பது இடத்தில் எழுதப்படுகிறது. காசும் போகும், வேகமும் போகும். பிரதியெடுப்பதை ஒரு அடுக்கு மட்டும் செய்யட்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி

இப்போதைக்கு நெட்வொர்க் டிஸ்க், 400 கிபிபைட், இரண்டு ஜோன்களில் பிரைமரியும் ரெப்ளிகாவும். மெஷினின் நிலையான டிஸ்க் வரம்பு உங்கள் நெரிசல் நேர அளவைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அப்ளிகேஷன் அதே ரீஜனில். இதில் கேட் பதிவு சரியானால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

சரியாகவில்லை, வெயிட் ஈவென்ட் இன்னும் டிஸ்க்கைத்தான் காட்டுகிறது என்றால், மூன்று நோடு: இரண்டு லோக்கல், ஒன்று நெட்வொர்க் டிஸ்க். மூன்றும் மூன்று ஜோனில். 'எனி 1' சிங்க்ரனஸ் என்பதால் வேகமான லோக்கல் ரெப்ளிகாவே பெரும்பாலும் பதில் சொல்லும். நெட்வொர்க் நோடு பேக்கப்புக்கும், மற்ற இரண்டும் ஒன்றாகப் போகும் கெட்ட நாளுக்கும். அதைத் தானாக பிரைமரி ஆகவிடாமல் பாட்ரோனியில் 'நோ ஃபெயில்ஓவர்' குறியிட்டு வையுங்கள், அந்தக் குறியை எடுப்பது மனிதர் கையில் இருக்கட்டும்.

வழங்குநரிடம் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது: கமிட் இயல்பாகவே சிங்க்ரனஸா? நோடு போனால் புதியதைப் பிரைமரியிலிருந்து நிரப்புகிறீர்களா, பேக்கப்பிலிருந்தா, விநாடிக்கு எத்தனை மெகாபைட்டில்? பிளான் ஏற்றும்போது எல்லா நோடையும் மாற்றுகிறீர்களா, ஒன்று நிரம்பிய பிறகுதான் அடுத்ததா? பதில் எழுத்தில் வேண்டும்.

பிறகு சோதனை. எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியை 8 கிலோபைட் பிளாக், க்யூ டெப்த் 1 (ஒரு நேரத்தில் ஒரே எழுத்து), ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்டேட்டாசிங்க், மெமரியைப் போல இரண்டு மடங்கு பெரிய ஃபைல் என்று வைத்து 45 நிமிடம் ஓட்டுங்கள். அரை மணிச் சேமிப்பு தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் 45. சராசரியைப் பார்க்காதீர்கள், 99-வது சதமானத்தை (நூற்றில் 99 எழுத்து எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதை) பாருங்கள், கேட்டில் நிற்கும் ஓட்டுநருக்குத் தெரிவது அதுதான். அடுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாதிரி கூட்டம் குறைந்த நேரத்தில், சோதனைக் கிளஸ்டரில் எழுத்துச் சுமையை ஓடவிட்டு பிரைமரி மெஷினை டெர்மினேட் செய்யுங்கள். அப்ளிகேஷனுக்கு 'கமிட் ஆயிற்று' என்று பதில் வந்த கடைசிப் பதிவு எண்ணைத் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைத்திருங்கள். புதிய பிரைமரியில் அந்த எண் இருக்கிறதா, எத்தனை விநாடியில் எழுத்து திரும்ப ஆரம்பித்தது, மூன்றாவது நோடு நிரம்பி மறுபடி சிங்க்ரனஸில் சேர எத்தனை நிமிடம் ஆனது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடக் கணக்கு 60-ஐத் தாண்டினால் லோக்கல் பிளானை ஒத்திவைத்துவிட்டு, நிரப்பும் வழியைப் பேக்கப்பிலிருந்து இணையாக இழுக்கும் முறைக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள்.